அயர்லாந்து ஜன்னலில் ஒரு தக்காளி

"ஆட்டை விடு மதன். ஆடு பொய் சொல்லாது. வேற என்ன தெரியுதுன்னு பாரு" என்றார் சாந்தாமணி.

"வேற எங்க மேடம் தெரியுது? இந்தக் கேஸெட்ல ஹீரோ, ஹீரோயின், வில்லன் எல்லாமே ஆடுதான்" என்றான் மதன்.

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்ட். மாடி வீடு. டிவிக்குள்ளே அயர்லாந்து. அதுவும் சாதாரண அயர்லாந்து இல்லை. ஊரையே தூக்கிப் பச்சைப் பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்துக் காயப்போட்ட மாதிரி அப்படியொரு பச்சை. நடுவில் கருங்கல்லில் கட்டிய குட்டி வீடு. வாசலில், ரேஷன் கடை எப்போது திறப்பார்கள் என்று காத்திருப்பவர்களைப் போல, நனைந்த ஆடுகள்.

சாந்தாமணி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத உயரம். ஆனால் மடியில் இருந்த ஹேண்ட்பேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு சின்னக் கல்யாணமே நடத்திவிடலாம். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடிக்கிற வேலை. கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தவனிடம், "தம்பி, உங்க ஷூவில ஒட்டியிருக்கிறது டென்னிஸ் கோர்ட் மண்ணுங்களா?" என்று கேட்டு, அவனே பட்டையைக் கழற்றி ஜட்ஜ் கையில் கொடுக்கும்படி செய்தவர். இப்போது ஐஸலினில் ஒரு புடவைக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ்.

மதன் அவருடைய உதவியாளன். உண்மையில் கம்ப்யூட்டர் எஞ்சினியர். அது 2001-ஆம் வருஷத்துக் கோடை; டாட் காம் கம்பெனிகள் தீபாவளி சரவெடி மாதிரி வரிசையாக வெடித்துக்கொண்டிருந்த நேரம். மதனுக்கு ப்ராஜெக்ட் இல்லை. 'பெஞ்சில்' இருந்தான். அதாவது, கம்பெனி கெஸ்ட் ஹவுசில் தன்னைப் போன்ற மற்ற எஞ்சினியர்களோடு ஒரே ஒரு சொம்பு ரசத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, போன் அடிக்காதா என்று சுவரைப் பார்த்துக் கிடக்கும் நிலை. சாந்தாமணியிடம் சம்பளம் கிடையாது. சாப்பாடு உண்டு. அதற்காக அவன் எஃப்.பி.ஐ-யையே எதிர்த்து நிற்பான்.

"நிசமான வீடுதானுங்களா?" என்று எதிரே இருந்த வேலுமணி சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

கேஸைக் கொண்டுவந்தவர் அவர்தான். தாராபுரத்துக்காரர். மருந்து கம்பெனி லேபில் ரொம்ப காலம் வேலை. கம்பெனி போன மாதம் கை குலுக்கி, கேக் வெட்டி, ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்தத் தொகையில் பெரிய பங்குதான் இப்போது கேஷியர்ஸ் செக்காக (நம்ம ஊர் டி.டி. மாதிரி) மாறிச் சட்டைப் பைக்குள் இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், தன் இதயத் துடிப்பைத் தானே செக் பண்ணிக்கொள்கிற டாக்டர் மாதிரி.

"இன்னிக்குச் சாயந்திரம் அந்த மொரீன் அம்மா வந்து அட்வான்ஸ் வாங்கிக்கிறாங்க. அதுக்குள்ள சொல்லிப்போடுங்க மேடம். நிசம்னா செக்கைக் கொடுத்துப்போட்டு, இந்த அபார்ட்மென்டைக் காலி பண்ணிட்டு, அயர்லாந்துக்கே போயிருவோம்."

"மொரீனை எப்படிப் பிடிச்சீங்க?"

"இன்டர்நெட்ல ஒரு போர்டுல எழுதிப் போட்டேனுங்க. 'அயர்லாந்து கிராமத்தில் குறைந்த விலையில் குட்டி வீடு தேவை'ன்னு. கொஞ்ச நாள்லயே தபால்ல இந்தக் கேஸெட் வந்துருச்சு. லெய்ட்ரிம்ங்கிற ஜில்லாவுல அவங்க பூர்வீக வீடாம். அவங்க இப்ப இங்க நியூ ஜெர்சியில இருக்காங்க. போன்லயும் பேசினேன். ஒரு வார்த்தை புரியலைங்க. சுத்தமான அயர்லாந்து இங்கிலீஷ். அதனாலதான் நம்பினேன்."

"புரியாததை நம்புறதுதான் சார் நம்ம எல்லாரும் செய்யறது. நானும் அப்படித்தான் ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்டேன்" என்றான் மதன், தண்ணீர் குடிக்கக் கிச்சனுக்குள் போய்க்கொண்டே.

"நம்பிட்டீங்க. அப்புறம் எதுக்கு நான்?" என்றார் சாந்தாமணி.

"வள்ளிகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேனுங்க. இனிமே எதை வாங்கினாலும் செக் பண்ணாம வாங்கமாட்டேன்னு."

வள்ளி காபித் தட்டோடு கிச்சனிலிருந்து வந்தார். வேலுமணியின் மனைவி. பக்கத்தில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் டீச்சர். கணவரைவிட அரை சாண் உயரம். ஆனால் அவர் நடந்து வந்தது யாருக்கும் கேட்கவில்லை. கம்பளி சாக்ஸ் போட்ட காலை, முட்டைகளின் மேல் வைப்பது மாதிரி வைத்து வந்தார்.

"பெரிய வாக்கு" என்றார் வள்ளி. "கேளுங்க மேடம், மாமா இதுவரைக்கும் வாங்கினதை. முதல்ல தேக்கு மரம். எங்கேயோ வளருதுன்னாங்க, இன்னும் வளருது. அப்புறம் டெக்ஸாஸ்ல ஈமு கோழி. ஒரு இறகு கூட வந்து சேரலை. அப்புறம் அரிசோனாவுல ஏரிக்கரை மனை. போய்ப் பார்த்தா ஏரியும் இல்லை, கரையும் இல்லை. ஒரு பல்லி இருந்துச்சு. அது கூட எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச்சு."

"இப்ப அயர்லாந்து. ஏன் சார் அயர்லாந்து?" என்று கேட்டார் சாந்தாமணி.

வேலுமணி காபியை ஊதினார். "விலை கம்மிங்க" என்றார் கடைசியில். ஆனால் அவர் பார்வை வள்ளியின் சாக்ஸில் இருந்தது. சாந்தாமணி அதைக் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. வள்ளி காலித் தட்டைக் கிச்சன் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அய்யோ! மேடம்! கண்ணு தெரியலை!" என்று ஜன்னல் இல்லாத கிச்சனுக்குள்ளிருந்து மதனின் குரல்.

"அட, தம்பி உள்ள இருக்கீங்களா? பழக்கத்துல அணைச்சுட்டேன்" என்று வள்ளி ஓடிப்போய் லைட்டைப் போட்டார். கையில் டம்ளரோடு, புயலில் தப்பிய மாலுமி மாதிரி மதன் வெளியே வந்தான்.

"அவ அப்படித்தானுங்க" என்று வேலுமணி சிரித்தார். "எனக்கோ இந்த வீட்ல எந்த சுவிட்ச் எங்க இருக்குதுன்னே தெரியாது. எல்லாம் அவதான்."

"கேஸெட் வந்த கவர் இருக்குங்களா?" என்று சாந்தாமணி பேச்சை மாற்றினார்.

"குப்பையில போட்டுட்டேனுங்க மேடம்" என்றார் வள்ளி. "வர்ற கவரையெல்லாம் சேர்த்து வச்சா வீடு வீடா இருக்குமா?"

சாந்தாமணி ரிமோட்டை எடுத்துக் கேஸெட்டை முதலிலிருந்து ஓடவிட்டார்.

"சார், இந்த டெக்குல நம்ம ஊர்க் கல்யாணக் கேஸெட் ஓடுமா?"

"எங்கீங்க ஓடும்? மச்சினன் கல்யாணத்தைப் போட்டா மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர் எல்லாரும் கோடு கோடாத்தான் வர்றாங்க. அந்த முறை வேற, அமெரிக்கா முறை வேறயாமே."

"அயர்லாந்தும் நம்ம ஊர் முறைதான். அப்ப இந்தக் கேஸெட் மட்டும் எப்படி இவ்வளவு பளிச்சுன்னு ஓடுது?"

வேலுமணியின் கை சட்டைப் பையிலேயே உறைந்துவிட்டது.

"மேடம், அமெரிக்காவுல வாங்கின கேமராவை அங்க எடுத்துட்டுப் போய் ஷூட் பண்ணியிருந்தா ஓடும்" என்றான் மதன்.

"கரெக்ட். அதனாலதான் நான் இன்னும் எழுந்திருக்கலை" என்றார் சாந்தாமணி. வேலுமணிக்குப் போன உயிர் பாதி தூரத்தில் யூ டர்ன் எடுத்துத் திரும்பி வந்தது.

டிவியில் கேமரா வீட்டுக்குள் நுழைந்தது. சின்னச் சின்ன ஜன்னல்கள் என்பதால் பகலிலேயே லைட் எரிந்தது. கிச்சன். பீங்கான் தட்டுகள் அடுக்கிய பெரிய மர அலமாரி. கேமரா மெதுவாக வெளியே வந்தது; கிச்சன் இருட்டானது. அடுத்து முன் ஹால். கேமரா வெளியே வந்தது; ஹால் இருட்டானது. கேஸெட்டில் யாரும் பேசவில்லை. காலடிச் சத்தம் கூட இல்லை.

சாந்தாமணி ரீவைண்ட் செய்தார். திரும்பவும் பார்த்தார். "மதன், என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை மேடம். இருட்டா இருக்கு."

"அதேதான்."

"எதேதான்?"

"வீட்டை விக்கிறவங்க இருக்கிற லைட்டையெல்லாம் போட்டு, இல்லாத லைட்டையும் கடன் வாங்கி மாட்டி, ஜெகஜோதியா காட்டுவாங்க. இவங்க ஒவ்வொரு ரூமையும் விட்டு வரும்போது அணைச்சுட்டு வர்றாங்க."

"அயர்லாந்துலயும் கரண்ட் பில் வருமே மேடம்."

"வரும், வரும்" என்றார் சாந்தாமணி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு சுக்கு மிட்டாயை எடுத்து வாயில் போட்டார். அந்த மிட்டாய் வாய்க்குள் போனால் நியூ ஜெர்சியில் யாரோ ஒருத்தருக்குக் கெட்ட நேரம் ஆரம்பம் என்று அர்த்தம்.

கேமரா பெட்ரூமுக்குள் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே பச்சைக் குன்று. குன்றுக்கு மேலே, வானத்தில், சிவப்பாக, உருண்டையாக ஏதோ ஒன்று.

"நிறுத்துங்க மேடம்!" மதன் துள்ளி எழுந்தான். "அது என்ன சார்?"

"சூரியன்ங்க. அஸ்தமனம். அங்கெல்லாம் அப்படித்தான் பெருசா தெரியுமாம்" என்றார் வேலுமணி.

"சூரியனுக்கு எப்ப சார் பச்சைக் காம்பு முளைச்சுது?"

எல்லோரும் டிவி கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தார்கள். காம்பு இருந்தது. காம்பைச் சுற்றி நாலைந்து இலை கூட இருந்தது.

"தக்காளி!" என்று மதன் ஒரு குதி குதித்தான். "மேடம், இது தக்காளி பலூன்! பிளெமிங்டன் போற வழியில ரோட்டோரத்துல ஒரு காய்கறிப் பண்ணைக் கடை இருக்கு. ஜெர்சி தக்காளின்னு விளம்பரத்துக்கு வீடு சைஸ்ல ஒரு பலூனைக் கயிறு கட்டிப் பறக்க விட்டிருப்பாங்க. பெஞ்ச்ல இருக்கற நாங்க எல்லாரும் வாரா வாரம் போவோம். சாம்பிள் தக்காளி ஃப்ரீ!"

டொக்! டொக்! டொக்! தரைக்கு அடியிலிருந்து சத்தம். மதன் பயந்துபோய் சோபாவில் ஏறிக்கொண்டான்.

"கீழ் வீட்டுக்காரர்ங்க. நீங்க குதிச்சீங்கல்ல? துடைப்பக்கட்டையால அவர் வீட்டு மேல்தளத்தைத் தட்டுறார்" என்றார் வேலுமணி, ரொம்பவும் பழகிப்போன குரலில். "கிரைண்டர் ஓட்டினா தட்டுவார். வள்ளி வேகமா நடந்தா தட்டுவார். ஒரு தடவை அப்பளம் பொரிச்சதுக்குத் தட்டினார்."

"சார், துடைப்பம் இருக்கட்டும்" என்றார் சாந்தாமணி. "லெய்ட்ரிம் ஜில்லா பிளெமிங்டன் பக்கத்துல இருக்கும் போலிருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

வேலுமணி இந்தத் தடவை சட்டைப் பையைத் தொடவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்குதுங்களே" என்றார் வள்ளி. வெளியே வெயில் பிளந்துகொண்டிருந்தது. "சாப்பிட்டுட்டு நிதானமா போலாம். நாளைக்குக் கூடப் போலாம். அங்க ரோடு வேலை நடக்குதாம்." சாந்தாமணி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "சரி, அப்ப நானும் வர்றேன்" என்று ஒரு டப்பா நிறையப் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறினார்.

சாந்தாமணி கார் ஓட்டும் அழகைப் பற்றித் தனியாக ஒரு நாவலே எழுதலாம். வழியில் தங்களை ஒரு டிராக்டர் முந்திக்கொண்டு போயிற்று என்று மதன் பின்னால் எல்லோரிடமும் சொன்னான். அது பொய். முந்தியது சைக்கிள். ஆனால் மெதுவாகப் போனதில் ஒரு லாபம்: பண்ணைக் கடையின் பலூன் ரொம்ப தூரத்திலேயே கண்ணில் பட்டது. வானத்தையே சட்னி அரைக்கலாம் என்கிற மாதிரி ஒரு தக்காளி.

காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்கள். பின்னால் பச்சைக் குன்று. குன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு மண் பாதை. அதன் முடிவில் கருங்கல் வீடு. வாசலில் ஆடுகள்.

"மேடம்" என்றான் மதன் அடங்கின குரலில், "அயர்லாந்துக்கு விசா கூட வேணாம் போல. லெஃப்ட் திரும்பினா வந்துடுது."

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. சாந்தாமணி தட்டினார். கூப்பிட்டார். பதில் இல்லை. "வாங்க வந்தவங்க வீட்டைப் பார்க்கறதுல தப்பில்லை" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கிச்சனில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதே மர அலமாரி. அதே பீங்கான் தட்டுகள். அதே சின்ன ஜன்னல்.

வேலுமணி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அலமாரியைத் தொட்டார். கல் சுவரைத் தொட்டார். கீழே குனிந்து கல் தரையையும் தொட்டார். பிறகு ஒரு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என் முகத்துல எழுதியிருக்குதுங்களா மேடம், 'இவன் ஏமாறுவான்'னு? ஈமுக்காரனும் என்னையே பிடிக்கிறான். பல்லிக்காரனும் என்னையே பிடிக்கிறான். இப்ப இவங்க."

வள்ளி எதிர்ப்பக்கம் திரும்பிப் புளிசாத டப்பாவின் மூடியைச் சரி செய்தார். மூடி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"சார், எழுந்திருங்க. பெட்ரூமையும் பார்த்துடலாம்" என்றார் சாந்தாமணி. அவர் முன்னால் போக, மதன், வேலுமணி, கடைசியாக வள்ளி. எல்லோரும் கிச்சனைத் தாண்டி நடைக்கு வந்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் கிச்சன் இருட்டானது.

சாந்தாமணி நின்றார். வாயிலிருந்த சுக்கு மிட்டாயைக் கடக்கென்று கடித்தார்.

"மதன், அந்த லைட்டைப் போடு."

மதன் போனான். கதவு ஓரத்துச் சுவரைத் தடவினான். அந்தப் பக்கம் தடவினான். இந்தப் பக்கம் தடவினான். "மேடம், சுவரைத் தடவித் தடவி என் கைரேகையே தேஞ்சு போச்சு. சுவிட்சே இல்லை."

"சார், நீங்க முயற்சி பண்ணுங்க."

வேலுமணி போனார். எதிலோ இடித்துக்கொண்டார். ஒரு தட்டு விழப் பார்த்தது. "கிடைக்கலைங்க" என்று இருட்டுக்குள்ளிருந்து சொன்னார்.

"வள்ளி" என்றார் சாந்தாமணி மெதுவாக. "நீங்க போடுங்க."

வெளியே ஓர் ஆடு மென்றது கூடக் கேட்டது.

வள்ளி சாந்தாமணியைப் பார்த்தார். பிறகு கணவர் நின்ற இருட்டைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு. கிச்சனுக்குள் ஓர் அடி வைத்து, நிமிர்ந்து பார்க்காமலேயே, மர அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் முழங்கை வரை கையை விட்டார். க்ளிக். வெளிச்சம்.

"கட்டின கொத்தனாருக்கே மறந்துபோயிருக்கும் இந்த சுவிட்ச்" என்றார் சாந்தாமணி. "முதல் தடவையா இந்த வீட்டுக்குள்ள வந்தவங்க கை அங்க தானாப் போகாது வள்ளி. கேமராவைப் பிடிச்சது நீங்க."

மதன் வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"நீயா?" என்றார் வேலுமணி.

"ஆமா மாமா. நான்தான்."

"என்னைய ஏமாத்தவா?"

"வேற யாரும் ஏமாத்திரக் கூடாதுன்னு!" வள்ளியின் குரல் உடைந்தது. "நீங்க எப்படியும் வாங்கிருவீங்க. ராத்திரி பகலா கம்ப்யூட்டர்ல அயர்லாந்து, அயர்லாந்துன்னு உக்காந்திருக்கீங்க. எவனோ ஒருத்தன் ஒரு போட்டோ அனுப்பினா அள்ளிக் கொடுத்துருவீங்க. இருக்கிறதே இது ஒண்ணுதான் மாமா. இதுவும் போச்சுன்னா நமக்கு என்ன இருக்குது? சரி, எவன்கிட்டயோ ஏமாறதுக்கு என்கிட்டயே ஏமாறட்டும்னு நினைச்சேன். செக் மொரீன்கிட்டப் போகும். அவ என்கிட்டக் கொடுப்பா. கொஞ்ச நாள் கழிச்சு 'வியாபாரம் முடியலை'ன்னு சொல்லிட்டா, உங்க ஆசையும் அடங்கிரும், காசும் பத்திரமா இருக்கும்."

"மொரீன் யாரு?"

"எங்க டேகேர்ல கூட வேலை பார்க்கிறா. நிசமாவே லெய்ட்ரிம்காரி. இது அவ பண்ணை. கேஸெட்டை நானே கவர்ல போட்டு நம்ம தபால் பெட்டியில வச்சேன்."

"பிரமாதம் அக்கா!" என்று மதனுக்குப் பேச்சு திரும்பியது. "எங்க கம்பெனிக்கு உங்களை மாதிரி ஒரு சி.இ.ஓ இருந்திருந்தா நான் பெஞ்சுக்கே போயிருக்க மாட்டேன்."

"நீ சும்மா இரு" என்றார் சாந்தாமணி. "வேலுமணி சார், இப்பவாவது சொல்லுங்க. ஏன் அயர்லாந்து? விலை கம்மின்னு சொல்லாதீங்க. விலை கம்மியான இடம் உலகத்துல ஆயிரம் இருக்கு."

வேலுமணி தரையைப் பார்த்தார். "கீழ யாரும் இருக்கக் கூடாதுங்க" என்றார்.

"என்ன?"

"வீட்டுக்குக் கீழ. யாரும் இருக்கக் கூடாது. இந்த ஜெர்சியில நம்ம வசதிக்குத் தரையோட ஒட்டின தனி வீடு எங்க கிடைக்குது? அங்கதான் கிடைக்கும்னு கம்ப்யூட்டர்ல பார்த்தேன். வள்ளி கல்யாணமாகி வந்தப்ப அவ வர்றது தெருமுனையிலேயே கேட்கும். மெட்டியும் கொலுசுமா அப்படியொரு நடை. அமெரிக்கா வந்ததிலிருந்து சொந்த வீட்டுக்குள்ள திருடி மாதிரி நடக்கறா. கிரைண்டருக்கு அடியில மெத்தை போட்டு, மேல போர்வை போர்த்தி, அந்தாள் வேலைக்குப் போனப்புறம்தான் மாவரைக்கறா. அவளுக்கே மறந்துபோச்சு. எனக்கு மறக்கலைங்க."

வள்ளி தன் சாக்ஸைக் குனிந்து பார்த்தார், இப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போல. "இதை ஏன் மாமா என்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா வேண்டாம்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

வள்ளி மெதுவாக இரண்டு சாக்ஸையும் கழற்றினார். கல் தரையில் வெறுங்காலை வைத்தார். பிறகு குதிகாலைத் தூக்கி, ஒரு மிதி. தொம்! தட்டு அலமாரி கிணுகிணுத்தது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு மிதி. தொம்! வெளியே ஓர் ஆடு மட்டும் "மே" என்று ஒப்புதல் கொடுத்தது.

அந்தச் சத்தத்துக்கு மொரீனே ஓடி வந்துவிட்டார். சிவந்த கன்னமும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக ஒரு அம்மாள். கிச்சனில் கூட்டத்தைப் பார்த்ததும், "வள்ளி டார்லிங், கண்டுபிடிச்சுட்டாரா?" என்று அவருடைய அந்தப் புகழ்பெற்ற இங்கிலீஷில் கேட்டார். இந்தத் தடவை எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது.

வேலுமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஒரு மூலையில் மழைநீர் ஒழுகின கறை. இங்கிலீஷில் கேட்டார்: "மேடம், இந்த வீட்டை நிஜமாவே விப்பீங்களா?"

மொரீன் வள்ளியைப் பார்த்தார். "இதையா? என் கணவர் போனதிலிருந்து விற்பனைக்குப் போட்டு வச்சிருக்கேன். ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. கூரை ஒழுகும், குழாய் முனகும், ஆடு ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கும். நீங்க கொடுக்கறதா சொன்ன அந்த லெய்ட்ரிம் விலையே எனக்கு லாட்டரிதான்."

"மாமா" என்று வள்ளி இழுத்தார்.

"நீயே முடிவு பண்ணு. மூணு தடவை நான் முடிவு பண்ணிப் பார்த்தாச்சு."

வள்ளி யோசித்தார். யோசிக்கும்போதே அவர் கால் அவருக்குத் தெரியாமல் தரையை இன்னொரு தடவை மிதித்தது. தொம்.

"கூரையை மட்டும் சரி பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றார்.

வேலுமணி சட்டைப் பையிலிருந்து செக்கை எடுத்தார். மதன் எட்டிப் பார்த்தான். "சார், பேர் கூட மாத்த வேண்டாம். மொரீன்னுதான் எழுதியிருக்கு. உலகத்துலேயே முதல்முறையா ஒரு மோசடி ஒழுங்கா ரெஜிஸ்டர் ஆகப்போகுது."

"முதல்ல ஒரு வக்கீலைப் பார்த்துட்டுக் கொடுங்க" என்று சாந்தாமணி செக்கைப் பிடுங்கித் திரும்ப அவர் பைக்குள்ளேயே செருகினார். "அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். வாங்க, புளிசாதம் ஆறிப்போச்சு."

"ஆறினாத்தான் மேடம் புளிசாதமே" என்று சொல்லிக்கொண்டு, டப்பாவைக் குழந்தை மாதிரி அணைத்தபடி மதன் வெளியே ஓடினான். மொரீன் ஆடுகளை விலக்கி வழி விட்டார். வானத்தில் தக்காளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வள்ளி வெறுங்காலோடு, தொம் தொம்மென்று நடந்து, எல்லோருக்கும் முன்னால் வாசலைத் தாண்டினார். பேச்சு சுவாரசியத்தில் கிச்சன் லைட்டை மறந்தே போய்விட்டார்.

ஆடுகளைத் தாண்டிப் பாதைக்கு வந்த பிறகுதான் வேலுமணியைக் காணவில்லை என்று தெரிந்தது.

உள்ளே ஏதோ இடித்தது. ஒரு தட்டு உருண்டது. "எங்கடா இருக்குது இது" என்று ஒரு முனகல். உதவிக்கு ஓடப் பார்த்த மதனின் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார் சாந்தாமணி.

க்ளிக்.

ஜன்னல் இருட்டானது. முழங்கை வரைக்கும் ஒட்டடையோடு வேலுமணி வாசலில் வந்து நின்றார்.

"கரண்ட் பில் இனிமே நாமதானே கட்டோணும்?" என்றார்.